ஹாஃப்கைனும் கீழே விழுந்த சாவணமும்

வவுனியாவில் சருமப் பராமரிப்புக் கற்கும் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது உபகரணங்களைக் கிருமி நீக்குவதைத்தான். அதன் பெறுமதியை வல்டிமர் ஹாஃப்கைனின் வாழ்க்கையில் நான் கண்டேன்.

1860இல் ஒடெசாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். கிருமிகளை விழுங்கும் கலங்களைக் கண்டறிந்த மெச்னிகோவ் இவருடைய ஆசான். பாரிஸில் பாஸ்டர் நிறுவகத்தில் இவருக்கு முதலில் கிடைத்தது உதவி நூலகர் வேலைதான். அங்கேயே 1892இல் கொலராத் தடுப்பூசியை ஆக்கி, தம் உடலிலேயே ஏற்றிப் பார்த்தார். அடுத்த ஆண்டு இந்தியா வந்தார்.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. அதன் பற்றீரியாவை வளர்த்து, வெப்பத்தால் கொன்று மருந்தாக்கினார். செத்த கிருமி நோய் தராது. ஆனால் உடல் அதை அடையாளம் கண்டு நிர்ப்பீடனம் பெறும். 1897 ஜனவரி 10ஆம் திகதி இதையும் தமக்கே முதலில் ஏற்றினார். மக்கள் அஞ்சியபோது, இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கான் தம்மவர் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டார்.

1902 ஒக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில், ஒரே போத்தல் மருந்து ஏற்றப்பட்ட 19 பேர் ஏற்புவலியால் இறந்தனர். பழி ஹாஃப்கைன் மேல் விழுந்தது, பதவியும் போனது. உண்மையில் போத்தலைத் திறந்த உதவியாளரின் சாவணம் நிலத்தில் விழுந்திருந்தது. அதைச் சரிவரக் கிருமி நீக்காமலே பயன்படுத்திவிட்டார். ஏற்புவலிப் பற்றீரியா மண்ணில் இருப்பது. காயமில்லாத தோலில் பட்டால் ஒன்றும் செய்யாது. துளை கிடைத்தால் உள்ளே போய்விடும். (முகப்பருவைக் குத்தும் ஊசி போடுவதும் துளைதானே!)

1907இல்தான் அவர் குற்றமற்றவர் என்று ஏற்கப்பட்டது. 1925இல் பம்பாய் ஆய்வுகூடத்துக்கு அவர் பெயரை இட்டார்கள். 1930இல் சுவிற்சர்லாந்தில் காலமானார்.