லாரி பேக்கரும் பசுமை மனையும்

வீட்டைக் கட்டிப் பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும் என்பது நம் முன்னோர் அனுபவத்தாற் கண்ட உண்மையாகும். மறைமலை அடிகளாரின் திருப்பெயர் தாங்கிய மறைமலை நகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் உழைத்துப் பொருளீட்டுவோர் பலர் இந்நாளில் மனை வாங்கி வீடெடுத்து வருகின்றனர். அவருட் சிலர் பசுமை இல்லச் சான்றிதழ் பெறவும் விழைகின்றனர். அதற்கு வழிகாட்டுவன நம் நாட்டிற் பல உள. 2001-இல் தோன்றிய இந்தியப் பசுமைக் கட்டடக் கழகம் வீடுகளுக்கெனத் தனி மதிப்பீடு வகுத்துள்ளது. கிருஹா என்னும் தேசிய மதிப்பீட்டு முறை சிறு கட்டடங்களுக்கென ஸ்வாகிருஹா என்றோர் எளிய கிளையை உடையது. மத்திய மின்துறை அமைச்சகம் 2018-இல் குடியிருப்புகளுக்கென ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் நெறிநூலை வெளியிட்டது. எனினும், பசுமை இல்லம் செல்வர்க்கே உரிய ஆடம்பரம் என்னும் எண்ணம் மக்களிடை வேரூன்றிக் கிடக்கின்றது. அவ்வெண்ணம் பிழையென்று தம் வாழ்நாளெல்லாம் செயலிற் காட்டிய பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

லாரன்ஸ் வில்பிரட் பேக்கர் 1917-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் இங்கிலாந்தில் பிர்மிங்ஹாம் நகரிற் பிறந்தார். அந்நகரிலேயே கட்டடக் கலை பயின்று தேறினார். போரை வெறுக்கும் குவேக்கர் சங்கத்திற் சேர்ந்த அவர், இரண்டாம் உலகப் போர் மூண்டபொழுது படைக்கலம் ஏந்தாது, நோயாளரைப் பேணும் குழுவொன்றிற் புகுந்து சீன தேசம் சென்று தொண்டு புரிந்தார். அங்கிருந்து தாயகம் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயிற் காத்திருக்க நேர்ந்தது. அக்காத்திருப்பே அவர் வாழ்வின் திருப்பமாயிற்று.

ஆங்குக் காந்தியடிகளைக் காணும் பேறு அவர்க்கு வாய்த்தது. துணித் துண்டுகளால் தாமே செய்து அணிந்திருந்த பேக்கரின் பாதரட்சை அடிகளின் கண்ணைக் கவர்ந்தது என்பர். ஒரு வீடு கட்டுதற்கு வேண்டும் பொருள்கள் அவ்வீட்டைச் சுற்றி ஐந்து மைல் வட்டத்துள்ளேயே கிடைப்பனவாதல் வேண்டும் என்னும் கருத்தை அடிகள் அவர்க்கு உணர்த்தினார். அவ்வொரு கருத்தே பேக்கருக்கு ஆயுள் முழுதும் போதியதாயிற்று.

1945-இல் அவர் தொழுநோயாளர்க்குத் தொண்டு செய்யும் மிஷனின் கட்டடக் கலைஞராக இந்தியா வந்தார். 1948-இல் கேரளத்தைச் சார்ந்த மருத்துவர் எலிசபெத் அம்மையாரை மணந்து, இமயமலைச் சாரலில் பித்தோராகட் என்னுமிடத்தில் ஏறத்தாழப் பதினாறாண்டு வைகினார். மனைவியார் பிணி தீர்க்க, கணவர் மருத்துவமனையும் பள்ளியும் எழுப்பினார். கல்லூரியிற் கற்ற கலை மலைநாட்டில் உதவாமை கண்டு, கல்லும் மண்ணும் மரமும் கொண்டு கட்டும் ஊர்த் தச்சரிடமும் கொத்தரிடமும் மாணவராய் அமர்ந்தார். கற்றவர் கல்லாதவரிடம் கற்கத் துணிந்த அப்பணிவையே அவர்தம் பெருமைக்கு அடிப்படையென நாம் கருதுகின்றோம்.

பின்னர்க் குடும்பத்தோடு கேரளத்து வாகமண் மலையிலும், அதன்பின் திருவனந்தபுரத்திலும் குடியேறினார். ஆங்கு அவர் கையாண்ட முறைகளை நோக்குவோம். செங்கற்களைப் படுக்க வையாது விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு எழுப்பும் எலிப்பொறிக் கட்டினால் செங்கல் ஏறத்தாழ நாலிலொரு பங்கு மிச்சமாகும். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். தளத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள காங்கிரீட்டு பாரம் தாங்குவதிற் பெரிதும் உதவாமையால், அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் இரும்பையும் குறைத்தார். சன்னல்களுக்கு ஈடாகச் செங்கற் சல்லடைச் சுவர் அமைத்துக் காற்றையும் ஒளியையும் செலவின்றி உள்ளே அழைத்தார். சுவருக்குப் பூச்சு வேண்டாவென்றார். மரத்தை வெட்டாது சுவரை வளைத்தார். திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆராய்ச்சி மையமும், தம்பானூரில் சுழல்வழியாய் ஏறும் இந்தியக் காப்பி நிலையமும் அவர் கைத்திறனுக்குச் சான்றாய் நிற்கின்றன.

1985-இல் முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன், பொருளியலறிஞர் கே. என். ராஜ் முதலியோருடன் கூடிக் காஸ்ட்போர்டு என்னும் நிலையத்தை நிறுவினார். வீட்டுச் செலவைக் குறைக்கும் வழி, மண்வீடு கட்டும் முறை ஆகியன பற்றித் தம் கையாற் படம் வரைந்து சிறு நூல்கள் ஆக்கினார். வீடு கட்டுவோர்க்கு இவற்றினும் எளிய துணை வேறொன்று யாமறியோம். 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் தமது தொண்ணூறாம் வயதிற் காலமானார்.

அவர் முறைகளிற் குறையே இல்லை என்பார் அல்லேம். எலிப்பொறிக் கட்டுக்குப் பழகிய கொத்தனார் வேண்டும். தரங்குன்றிய செங்கல்லாயின் பூச்சில்லாச் சுவர் மழையீரம் உறிஞ்சும். செங்கல் சுடுதற்கு எரியும் விறகையும் எண்ணிக் கவன்று, பிற்காலத்தில் மண்சுவரையே அவர் பெரிதும் பரிந்துரைத்தார். தம் வழியையே தாம் திருத்தவும் அவர் அஞ்சினாரல்லர்.

இனி, சான்றிதழ் நாடுவோர் உளங்கொள்ளற்குரியது ஒன்றுண்டு. மதிப்பீட்டு முறைகள் அருகில் விளைந்த பொருளுக்கும், மழைநீர்ச் சேமிப்புக்கும், இயற்கை ஒளிக்கும், காற்றோட்டத்துக்கும் புள்ளிகள் வழங்குகின்றன. ஆயினும் அவற்றில் அருகு என்பது பல நூறு கிலோமீட்டர் வரை நீளும். பேக்கருக்கோ அது ஐந்து மைல். விலையுயர்ந்த குளிர்சாதனத்தை வாங்கியும் புள்ளி பெறலாம். அது வேண்டாதபடி வீட்டை அமைத்தலே அவர் நெறி. மேற்றிசைச் சுவரை வெயிலினின்று காத்தலும், நிற்கும் வேம்பை வெட்டாது விடுதலும் பொருட்செலவு மிகுந்தனவோ? பேக்கர் நெறியைக் கண்ணாரக் காண விழைவோர் கேரளம் வரை செல்லல் வேண்டா. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவின் அமைப்பில் அவர் கருத்தும் கைவண்ணமும் கலந்துள.

மாணவ அன்பர்காள்! நுங்களுட் பலர் நாளை இவ்வட்டாரத்திலேயே மனை கொள்வீர். சான்றிதழ் சுவரில் தொங்குவது. சிக்கனமோ சுவரிலேயே உறைவது. முதலில் இரண்டாவதைத் தேடுமின்; முதலாவது எளிதில் பின்தொடரும்.