இராதாகிருஷ்ணரும் சமய சஞ்சிகைகளும்

திருத்தணிகைக் குன்றின் 365 படிகளை ஏறி முருகனை வழிபடுவோர் பலர். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அவ்வூரில் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் எளிய தெலுங்குக் குடும்பமொன்றிற் பிறந்தவரே சர்வபள்ளி இராதாகிருஷ்ணர்.

திருப்பதியிலும் வேலூரிலும் மிஷன் கல்விச்சாலைகளிற் பயின்று, அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை அடைந்தார். கல்வி அவரறிவை விரித்ததெனினும், மிஷனரிமார் இந்து சமயத்தின்மீது சாற்றிய குறைகள் அவருள்ளத்தைப் புண்படுத்தின. தாம் வழிபட்ட நெறி மெய்தானோ என்னும் ஐயம் எழுந்தது. அதனை அவர் சினத்தால் மறைத்தாரில்லை. ஆராய்ச்சியால் தீர்க்க முற்பட்டார்.

அக்காலத்தில் அக்கல்லூரியின் சஞ்சிகை சமயத் தத்துவங்களை ஆராயும் மன்றமாகவும் விளங்கிற்று. பேராசிரியர் ஏ. ஜி. ஹாக், கர்மக் கொள்கையையும் கிறிஸ்தவ மீட்புக் கொள்கையையும் ஒப்புநோக்கி எழுதிய கட்டுரைகள் 1904, 1905-ஆம் ஆண்டுகளில் அதில் வெளிவந்தன. மாற்றார் கொள்கையை இகழாது, அதன் பொருளறிந்து வாதிப்பது அவர் முறை. அவரிடம் பயின்ற இராதாகிருஷ்ணர், வேதாந்தத்தில் ஒழுக்கத்திற்கு இடமில்லை என்பாரை மறுத்து எம்.ஏ. பட்டத்திற்கென ஓர் ஆராய்ச்சியுரை வரைந்தார். அது 1908-இல் நூலாயிற்று. தம் கருத்துக்கு மாறுபட்ட அதனை ஹாக் மனமுவந்து பாராட்டினார்.

இங்கிலாந்தில் 1902-இல் தோன்றிய ஹிப்பர்ட் ஜர்னல் என்னும் சமய தத்துவக் காலாண்டிதழ், சபை வேறுபாடின்றிப் பலர்க்கும் இடந்தந்தது. 1922-இல் இராதாகிருஷ்ணர் இந்து சமயத்தைப் பற்றி அதில் எழுதினார். அவ்விதழின் ஆசிரியரான எல். பி. ஜாக்ஸ், ஆக்ஸ்போர்டு மான்செஸ்டர் கல்லூரியின் தலைவருமாவார். அவரழைப்பின்படி இவர் 1926-இல் அங்கு நிகழ்த்திய சொற்பொழிவுகள் மறுவருடம் நூலாக வெளிவந்து உலகெங்கும் பரவின. 1936-இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிற் கீழ்நாட்டுச் சமயங்கட்குரிய பேராசிரியரானார். 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராயிருந்து, 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-இல் காலமானார்.

அத்துவைதத்தையே முடியாக வைத்துப் பிற நெறிகளைக் கீழ்ப்படியில் நிறுத்தினாரென்று அவரைக் குறைகூறுவாரும் உளர். அது புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும், புண்பட்ட மாணவனொருவன் வசையை விடுத்து எழுதுகோலை எடுத்தான். மாறுபட்ட ஆசிரியர் அவனெழுத்தை மதித்தார். சஞ்சிகைகள் இருசாரார்க்கும் இடந்தந்தன. இம்மூன்றில் ஒன்று குறைந்திருப்பினும் அவ்வாழ்வு இங்ஙனம் மலர்ந்திராது. நம் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதப் புகும் நாம், நமக்கு உடன்பாடில்லாத கட்டுரையையும் முற்றும் படித்தபின்னரே விடையிறுப்போமாக.