வ. உ. சிதம்பரனார்: பலர் பங்கில் மிதந்த கப்பல்

கப்பலோட்டிய தமிழர் என்றவுடன் செக்கிழுத்த செம்மலின் திருவுருவமே நம் கண்முன் தோன்றுகிறது. ம. பொ. சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாறும், 1961-ல் வெளிவந்த திரைப்படமும் அவ்வுருவைத் தமிழகமெங்கும் நிலைநாட்டின. அப்பெருமகனார் பட்ட துன்பத்தைப் போற்றுவதில் நாம் குறை வைத்ததில்லை. ஆயின், அத்துன்பத்தை வருவித்த செயல் யாது, யார் யாரை அவர் அதில் ஒன்றுசேர்த்தார் என்பவற்றை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்திலோம். வணிக நிறுவனம் ஒன்றனையே ஒற்றுமைக்குரிய கருவியாக ஆக்கிக் காட்டியவர் அவர். அந்நோக்கில் அவர்தம் வாழ்வைக் காண்பதே இக்கட்டுரை.

மதுரைக்குத் தெற்கே விரியும் கரிசல் நிலத்தில், ஒட்டப்பிடாரம் என்னும் ஊரில், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் சிதம்பரனார் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், மைந்தரும் அத்தொழிலையே மேற்கொண்டார். ஏழைகளுக்காகக் காவல்துறையினரை எதிர்த்து வழக்காடியவர் என்னும் பெயர் இளமையிலேயே அவருக்கு வாய்த்தது. 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். கடல் அவர் வாழ்வினுள் புகுந்தது அங்கேதான்.

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓயாத போக்குவரத்து இருந்தது. நம் பகுதிச் சரக்கும், வணிகரும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற கூலி மக்களும் அவ்வழியே கடல் கடந்தனர். ஏறியவர் பெரும்பாலும் நம்மவர். கப்பலோ பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியாருடையது. கட்டணத்தை விதித்தவரும் அவரே. வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசிய இயக்கம் பிற இடங்களில் துணியையும் உப்பையும் சர்க்கரையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சிதம்பரனார் கடல்வழியையே மீட்க முற்பட்டார்.

1906 அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய், பங்குகள் 40,000, பங்கொன்றின் விலை 25 ரூபாய். பெருஞ்செல்வர் ஒருவர் கையில் முடங்காது பலரும் பங்கேற்கத் தக்கவாறு வகுத்த விலை அது. இந்தியரும் இலங்கையரும் பிற ஆசிய நாட்டினரும் பங்கு பெறலாம் என்பது ஏற்பாடு. ஓர் ஊரின் வணிகத்துக்கெனத் தொடங்கிய நிறுவனம் ஒரு கண்டத்தையே உறவு கொண்டாடியது என்பதை நாம் மறத்தலாகாது.

சங்கத்தின் தலைவராக அமர்ந்தவர் நம் மதுரையோடு பிரிக்கவொண்ணாதவர். பாலவநத்தம் ஜமீன்தார் பொ. பாண்டித்துரைத் தேவரே அவர். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கம் கண்டவரும் அவரே. அச்சங்கத்தில் நாகூர் குலாம் காதிறு நாவலர் போன்ற இசுலாமியப் புலவரும் சிறப்புப் பெற்றனர் என்பது தமிழ் பயில்வோர் அறிந்தது. தமிழ்ச்சங்கத்தில் அமைந்த அதே ஒட்டுறவு கப்பற் சங்கத்திலும் அமைந்தது. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகப் பெருந்தகை 8,000 பங்குகளை 2 இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கினார்; செயலாளர் பொறுப்பையும் ஏற்றார். சிதம்பரனாரோ துணைச் செயலாளராக அமைந்தார். ஊரூராய் அலைந்து பங்கு திரட்டியவர், தமக்கு எடுத்துக்கொண்ட பதவி இரண்டாவது பதவி. இக்காலத்து அமைப்புகளை நடத்துவோர் இதனைச் சற்றே கவனித்தல் நன்று.

தொடக்கத்தில் சங்கத்துக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் நிறுவனம் ஒன்றிடம் வாடகைக்குப் பெற்ற கப்பல்கள், ஆங்கிலக் கம்பெனியாரின் அச்சுறுத்தலால் இடையிலேயே திரும்பப் பெறப்பட்டன. சிதம்பரனார் சோர்ந்திலர். கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி வழியை விடாமற் காத்தார். பின்னர்த் தாமே பம்பாய் சென்றார். கப்பலோடு திரும்புவதன்றி வெறுங்கையோடு திரும்புவதில்லை எனச் சூளுரைத்தே சென்றார் என்பர். 1907-ல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் சங்கத்துக்கு உரியவாயின. ஒவ்வொன்றிலும் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் செல்லலாம். 4,000 மூட்டை சரக்கும் ஏற்றலாம்.

போட்டி மூண்டது. ஆங்கிலக் கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கினர். சுதேசிச் சங்கம் அரை ரூபாய்க்கு இறக்கியது. பின்னர் அவர்கள் கட்டணமே இன்றி ஏற்றிச்செல்ல முன்வந்ததோடு, பயணிகட்குக் குடையும் இலவசமாகக் கொடுத்தனர். இலவசத்தை ஏற்க மறுத்து, காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர் பலர். நாள் முழுதும் உழைத்து அரை ரூபாய் காண இயலாத கூலிக்காரர் அக்குடையைப் பெற்றுக்கொண்டிருப்பின் அவரை நாம் குறைகூற முடியாது. அரை ரூபாயின் அருமையை அறிந்தவர் தந்த பணம் என்பதாலேயே அதற்கு மதிப்பு மிகுதி.

கப்பலோடு அவர் நின்றிருப்பின் அரசு ஒருகால் பொறுத்திருக்கவும் கூடும். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது சிதம்பரனார் அவர்கள் பக்கம் நின்றார். அவ்வாலை ஹார்வி நிறுவனத்தாருடையது. மதுரையில் பேராலை நடத்தியவரும் அவரே. சில நாட்களில் தொழிலாளர் கூலி உயர்வு பெற்றனர். மார்ச் 12-ஆம் நாள் சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர்.

ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20 ஆண்டு. வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவாவுக்கு இடங்கொடுத்துத் துணைநின்றதற்கு மற்றும் 20 ஆண்டு நாடுகடத்தல். நண்பனுக்கு நிழல் தந்தமைக்கு ஓர் ஆயுள்தண்டனை! மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்டார். பின் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். தலைவரைச் சிறையில் வைத்துவிட்டுச் சங்கத்தை நசுக்குவது அரசுக்கு எளிதாயிற்று. 1911-ல் சங்கம் கலைக்கப்பட்டது. கப்பல் மாற்றாரிடமே விலைபோனது. பாண்டித்துரைத் தேவரும் அவ்வாண்டு இறுதியில் இயற்கை எய்தினார்.

இவ்விடத்தே உலக வரலாற்றில் ஒன்றனை ஒப்புநோக்குதல் தகும். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்களை ஒன்றுபடுத்த முனைந்தவர் ஜமைக்கா நாட்டு மார்க்கஸ் கார்வி. அவர் 1919-ல் அமெரிக்காவில் கருநட்சத்திரக் கப்பற் சங்கத்தைத் தொடங்கினார். பங்கொன்று 5 டாலர். சமையற்காரரும் சலவைத் தொழிலாளரும் வாங்கினர். 1922-ல் அது நின்றது; கார்வியும் வழக்குக்கு ஆளாகிச் சிறை புகுந்தார். அச்சங்கம் பழுதான கப்பல்களை மிகை விலைக்கு வாங்கியும், நிர்வாகக் குறைகளாலும் நலிந்தது; சிதம்பரனாரின் சங்கத்தை வீழ்த்தியதோ போட்டியும் அரசின் ஒடுக்குமுறையும். ஆயினும், எந்தக் கடல் தம் மக்களைக் கூலியாகவும் அடிமையாகவும் கொண்டுசென்றதோ, அந்தக் கடலிலேயே அவர்தம் சிறுகாசால் கப்பல் விட இருவரும் எண்ணினர். நம்மவர் 13 ஆண்டு முந்தினார்.

1912 டிசம்பர் 24-ஆம் நாள் சிதம்பரனார் விடுதலை பெற்றார். வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையிலும் கோவையிலும் வறுமை அவரைத் தொடர்ந்தது. அந்நிலையில் அவரை நினைந்தவர் யாவர்? 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் சென்று குடியேறிய தென்னாப்பிரிக்காவிலிருந்து உதவி வந்தது. வேதியப் பிள்ளை என்பார் அங்கிருந்து துணைபுரிந்தார். அந்நாட்டு இந்தியர் சிலர் அவருக்கெனத் திரட்டிய தொகையைக் காந்தியடிகளிடம் ஒப்படைத்திருந்தனர். 1915-ல் காந்தியடிகள் தாயகம் திரும்பியபின், தந்தவர் யார், தொகை எவ்வளவு என்பது தெளிவாகாமற் கடிதப் போக்குவரத்து நீண்டது. 1916-ல் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்து சேர்ந்தது. 10 இலட்சத்துக்குச் சங்கம் கண்டவர் அத்தொகைக்காகக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதிக் காத்திருந்தார் என்பதைப் படிக்கையில் நெஞ்சு கனக்கிறது.

இத்துணை இடரிடையேயும் தமிழை அவர் விட்டிலர். சிறையில் மெய்யறம் இயற்றினார். ஜேம்ஸ் ஆலனின் நூலை மனம்போல வாழ்வு எனத் தமிழாக்கினார். திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையையும் பதிப்பிப்பதில் உழைத்தார். விடுதலை வீரராக மட்டும் அவரைக் காட்டும் பாடநூல்கள் இப்பணியை ஒரு வரியில் கடந்துபோவது பொருந்தாது.

பிற்காலத்தே வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் வழக்காடும் உரிமம் மீண்டது. நன்றி மறவாத சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்தாரேயன்றி ஆங்கிலேயர் எவரையும் அவர் பகைத்திலர் என்பதற்கு இது சான்று.

1936 நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில் அவர் உயிர் நீங்கியது. 1949-ல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அவர் பெயரிலேயே ஒரு கப்பல் விடப்பெற்றது. 2011-ல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைப் பெற்றது. இறுதி நாட்களில் அவர் எழுதிய விருப்ப ஆவணத்திலோ கப்பலைப் பற்றிய பெருமிதம் இல்லை. எண்ணெய்க் கடைக்கும் துணிக்கடைக்கும் தாம் தரவேண்டிய பாக்கிகளைத் தொகை தவறாமல் குறித்து வைத்திருந்தார்.