டெப் + இயன் = டெபியன்: இருபது வயசுல ஆரம்பிச்ச ஒருத்தரோட கதை

போன செமஸ்டர் பிராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி. லேப்டாப்ல உபுண்டு அப்கிரேட் ஓடிக்கிட்டிருந்தது. சார்ஜர் பக்கத்து ரூம்ல. எடுத்துட்டு வரலாம்னு எழுந்தேன், அதுக்குள்ள ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு. திரும்ப ஆன் பண்ணினா எந்த பேக்கேஜும் இன்ஸ்டால் ஆகல, டிபிகேஜி பாதியில் நின்றுவிட்டது என்று மட்டும் ஒரு எரர். மொத்தமா ஃபார்மட் பண்ணிடலாம்னு பென்டிரைவைத் தேட ஆரம்பிச்சேன். எதிர் ரூம் சீனியர் அண்ணா வந்து பென்டிரைவைப் பிடுங்கி வச்சுட்டு ரெண்டே ரெண்டு கட்டளை அடிச்சார். முதல்ல டிபிகேஜிக்கு கன்ஃபிகர் ஆப்ஷன் கொடுத்து, பாதியில் நிற்கிற எல்லாத்தையும் முடிக்கச் சொன்னார். அடுத்தது ஏபிடியில் ஃபிக்ஸ் புரோக்கன். அஞ்சு நிமிஷம் வரிவரியா ஓடி, சிஸ்டம் எழுந்து உட்கார்ந்தது.

தூக்கம் போனதுதான் மிச்சம். சும்மா இருக்க முடியாம அந்த டிபிகேஜியோட காப்பிரைட் ஃபைலைத் திறந்து பார்த்தேன். உபுண்டுவோ டெபியனோ வச்சிருக்கிற எல்லார் மெஷின்லயும் யூஎஸ்ஆர், ஷேர், டாக் என்று உள்ளே போனா டிபிகேஜி ஃபோல்டர்ல அது இருக்கும். அதுல 1994 என்று ஆண்டு போட்டு ஒரு பெயர்: இயன் மர்டாக். யார்றா இவர் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

1973 ஏப்ரல் 28 அன்று அன்றைய மேற்கு ஜெர்மனியில் கான்ஸ்டான்ஸ் என்கிற ஊரில் பிறந்தார். வளர்ந்தது அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில். அங்கேயே பர்டியூ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1990களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் என்பது பல்கலைக்கழகங்களிலும் பெரிய கம்பெனிகளிலும் மட்டும் இருந்த சமாச்சாரம். ஒரு மாணவன் வீட்டு மெஷினில் அதைப் போட்டுப் பார்க்க வழியில்லை. 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்ட பிறகு அந்த ஆசைக்கு ஒரு கதவு திறந்தது.

ஆனா கெர்னல் மட்டும் வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாதே. ஷெல் வேணும், கம்பைலர் வேணும், எடிட்டர் வேணும், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகணும். இதையெல்லாம் சேர்த்துக் கட்டித் தர்றதுதான் டிஸ்ட்ரிபியூஷன். அன்றைக்குப் பிரபலமா இருந்தது 1992ல் வந்த எஸ்எல்எஸ். ஃபிளாப்பி கட்டு கட்டா இறக்கி, ஒவ்வொண்ணா மெஷினுக்குள்ள தள்ளி இன்ஸ்டால் பண்ணணும். அதில் பக் அதிகம், பராமரிப்பு ரொம்ப மோசம். இன்ஸ்டால் ஆன பிறகு எந்த ஃபைல் எங்கிருந்து வந்தது, எதை எடுத்தா எது உடையும் என்று சொல்ல ஆளில்லை. அப்கிரேட் என்றால் பெரும்பாலும் திரும்ப முதலில் இருந்து போடுவதுதான். நான் பென்டிரைவைத் தேடினேன் பாருங்க, அந்தக் காலத்தில் அதுதான் அதிகாரபூர்வ வழி.

மர்டாக்கும் எஸ்எல்எஸ் போட்டு, நொந்து, அதைத் திருத்த முயன்று, கடைசியில் புதுசா ஒண்ணு கட்டறதே மேல் என்று முடிவுக்கு வந்தார். 1993 ஆகஸ்ட் 16 அன்று யூஸ்நெட்டில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது இருபது. பெயருக்கு ரொம்ப யோசிக்கவில்லை. காதலி டெப்ரா பெயரில் பாதி, தன் பெயர் முழுசு: டெபியன். (பின்னாடி ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, பல வருஷம் கழித்துப் பிரிந்தும் போனாங்க. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.)

எஸ்எல்எஸ் மேல் கோபப்பட்டது இவர் ஒருத்தர் மட்டும் இல்ல. அதே கோடையில் பேட்ரிக் வோல்கர்டிங் எஸ்எல்எஸ்ஸை எடுத்துத் திருத்தி ஸ்லாக்வேர் வெளியிட்டார், அது இன்றும் உயிரோடு இருக்கு. மர்டாக் போன வழி வேற. டெபியனுக்கு ஒரு அறிக்கையும் எழுதினார், டெபியன் மேனிஃபெஸ்டோ என்று. டிஸ்ட்ரிபியூஷன் என்பது லினக்ஸில் எல்லாரும் அலட்சியம் செய்கிற வேலை, ஆனால் பயன்படுத்துகிறவனுக்கு அதுதான் லினக்ஸ் என்பது அதில் அவருடைய வாதம். அதை ஒரு தனி ஆளோ சின்னக் கும்பலோ கட்டினால் எஸ்எல்எஸ் கதிதான். கெர்னலைப் போல, பலர் சேர்ந்து திறந்தவெளியில் கட்டணும் என்றார்.

எழுதுவது சுலபம். உலகத்தின் வேறவேற மூலையில் இருக்கிற, முகம் தெரியாத நாற்பது ஐம்பது பேர் ஒரே சிஸ்டத்தை எப்படிக் கட்டுவது? ஒருத்தர் எடிட்டரைப் பார்த்துக்கிறார், இன்னொருத்தர் மெயில் சர்வரை. ரெண்டும் ஒரே மெஷினில் மோதிக்காம இருக்கணும். ஆக, முதலில் ஒரு பொட்டலம் எப்படி இருக்கணும் என்று ஒப்பந்தம் வேணும். உள்ளே என்னென்ன ஃபைல், அதுக்கு முன்னாடி எது இருக்கணும், எதோட ஒத்துப்போகாது, போடும்போதும் எடுக்கும்போதும் எந்த ஸ்கிரிப்ட் ஓடணும், இதுக்கு யார் பொறுப்பு. பேக்கேஜ் மேனேஜ்மென்ட் என்பது நமக்கு டவுன்லோட் வசதி. மர்டாக்குக்கு அது வேலையைப் பங்கு போடும் வழி. இது புரிஞ்சப்போதான் எனக்கு ஏபிடி மேலேயே மரியாதை வந்தது.

1994 ஜனவரியில் வந்த டெபியன் 0.91ல் ஒரு எளிய பேக்கேஜ் முறை இருந்தது. டிபிகேஜியோட முதல் வடிவம் மர்டாக் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட். அப்புறம் மேட் வெல்ஷ், கார்ல் ஸ்ட்ரீட்டர் ஆகியோரோடு சேர்ந்து பெர்லில் எழுதினார்கள். அதே 1994ல் அதன் முக்கியப் பகுதிகளை சி மொழியில் திரும்ப எழுதி இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தவர் இன்னொரு இயன், இயன் ஜாக்சன். டெபியன் வரலாறு படிக்கும்போது ரெண்டு இயனையும் குழப்பிக்காதீங்க, நான் ஒரு மணி நேரம் குழம்பினேன்.

அந்த ராத்திரி என் லேப்டாப்பில் நடந்தது இதுதான். டிபிகேஜி ஒரு பேக்கேஜை ரெண்டு கட்டமா போடும். முதலில் ஃபைல்களைப் பிரித்து வைக்கும், பிறகு கன்ஃபிகர் பண்ணும். புது ஃபைலை நேரா பழையதன் மேல் எழுதாது. பக்கத்தில் தற்காலிகப் பெயரில் வைத்து, முழுசா வந்த பிறகே பெயரை மாற்றும். ஒவ்வொரு பேக்கேஜும் எந்த நிலையில் இருக்கு, பிரிச்சாச்சா, பாதி கன்ஃபிகர் ஆகியிருக்கா, முழுசா முடிஞ்சதா என்று வார், லிப், டிபிகேஜி ஃபோல்டருக்குள் ஸ்டேட்டஸ் என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் குறித்து வைக்கும். அதனால்தான் கரண்ட் போனாலும், திரும்ப வந்ததும் எங்கே விட்டோம் என்று அதுக்குத் தெரிகிறது. ஒரு நாள் அந்த ஃபைலை லெஸ் போட்டுப் பாருங்க. ஒவ்வொரு பேக்கேஜுக்குக் கீழேயும் மெயின்டெய்னர் என்று ஒரு வரி வரும். பொறுப்பு யாருடையது என்பது அங்கேயே எழுதியிருக்கு.

சரி, மர்டாக்கிடம் வருவோம். 1994 நவம்பரில் இருந்து ஒரு வருஷம் ரிச்சர்ட் ஸ்டால்மனின் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் டெபியனுக்கு ஸ்பான்சராக இருந்தது. 1996 மார்ச்சில் தலைமைப் பொறுப்பை புரூஸ் பெரன்ஸிடம் கொடுத்துவிட்டு மர்டாக் விலகினார். இருபத்து மூணு வயது ஆக இன்னும் ஒரு மாசம். அந்த வருஷம்தான் டிகிரி முடித்தார். அதாவது, டெபியனைக் கட்டியதெல்லாம் படிக்கும்போதே. 1996 ஜூனில் வந்த டெபியன் 1.1ல் 474 பேக்கேஜ்கள். இன்று 60,000க்கும் மேல். 1.0 எங்கே என்று கேட்பீங்க. ஒரு சிடி கம்பெனி அவசரப்பட்டு, முடியாத வெர்ஷனை 1.0 என்று அச்சடித்து விற்றுவிட்டது. குழப்பம் வேண்டாம் என்று அந்த எண்ணையே விட்டுவிட்டார்கள்.

நம்மில் பலர் நினைப்பதுபோல ஏபிடி மர்டாக் எழுதியது இல்ல. அது அவர் விலகிய பிறகு உருவாகி, 1999 மார்ச்சில் டெபியன் 2.1உடன் வந்தது. தேவையான மற்ற பேக்கேஜ்களைத் தானே தேடிக் கொண்டுவருவது அதன் வேலை, அடியில் பொட்டலத்தைப் பிரிப்பது இன்னும் டிபிகேஜிதான். ஆரம்பிச்சவர் போன பிறகும் பெரிய வேலை நடந்திருக்கு. நம்ம காலேஜ் கிளப்களில் ஃபைனல் இயர் செட் போனதும் கிட்ஹப் ரெப்போ அப்படியே உறைந்துவிடுகிறதே, அதை நினைச்சுக்கிட்டேன்.

1999ல் மர்டாக் இண்டியானாபொலிஸில் புரோஜெனி என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். டெபியனை சாதாரண ஆளும் சுலபமா இன்ஸ்டால் பண்ணணும் என்பது ஒரு நோக்கம். அன்றைய டெபியன் இன்ஸ்டாலர் அந்த அளவுக்குப் படுத்தும். வன்பொருளைத் தானாகக் கண்டுபிடிக்கும் டிஸ்கவர் என்ற மென்பொருள் அங்கே உருவானது, பின்னாளில் டெபியன் இன்ஸ்டாலரிலும் பயன்பட்டது. 2001ல் புரோஜெனி டெபியன் வெளியானது, ஆனால் அது நீண்ட நாள் ஓடவில்லை. கம்பெனியும் 2007ல் மூடப்பட்டது. அவர் விரும்பிய சுலபமான டெபியனை உலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது 2004 அக்டோபரில் வந்த உபுண்டு.

இதில் அவருக்கு முழுச் சந்தோஷம் இல்ல. உபுண்டுவுக்காகக் கட்டிய பேக்கேஜ் அப்போதைய டெபியனில் ஒழுங்கா ஓடாது என்று 2005ல் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். பொறாமை என்று தோணலாம். எனக்கு அப்படித் தோணல. ஒரே வடிவம், ஒரே டெப் ஃபைல், ஆனால் உள்ளே கேட்கிற லைப்ரரி வெர்ஷன் வேற. இன்றும் நாம எங்கிருந்தோ ஒரு டெப் ஃபைலை இறக்கி, இன்னொரு டிஸ்ட்ரோவோட ரெப்போவைச் சேர்த்து, தீராத டிபென்டன்சி எரர் வாங்கிக்கிறோமே, அதே பிரச்சினைதான். இன்னொரு டிஸ்ட்ரோவின் ரெப்போவை சோர்சஸ் லிஸ்ட்டில் கலக்காதீங்க. எங்க லேபில் பாதி மெஷின் செத்தது அதனால்தான்.

அப்புறம் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் கொஞ்ச காலம். 2007ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் சேர்ந்தார். அங்கே புராஜெக்ட் இண்டியானா என்ற பெயரில் சோலாரிஸுக்கு லினக்ஸ் மாதிரி ஒரு முகம் கொடுக்கும் வேலை. போன இடத்திலும் பேக்கேஜ் மேனேஜ்மென்ட்தான். 2008 மேயில் வந்த ஓபன்சோலாரிஸில் ஐபிஎஸ் என்ற புதிய பேக்கேஜ் முறை இருந்தது. 2010ல் ஆரக்கிள் சன்னை வாங்கியதும் ஓபன்சோலாரிஸ் நின்றது, மர்டாக்கும் வெளியேறினார். ஐபிஎஸ் மட்டும் சோலாரிஸ் 11ல் தங்கிவிட்டது. 2015 நவம்பரில் டாக்கர் கம்பெனிக்குப் போனார். டாக்கர் இமேஜ்களில் பல டெபியன் மேல் கட்டியவை, டாக்கர்ஃபைல் எழுதின யாருக்கும் அதில் வரும் ஏபிடி கெட் வரி தெரியும். அவருக்கு அது வீடு திரும்பின மாதிரி இருந்திருக்கலாம்.

அடுத்த மாதமே, 2015 டிசம்பர் 28 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். வயது 42. இறப்பதற்கு முன் போலீஸோடு ஒரு மோதல் நடந்திருந்தது. அதைப் பற்றியும், உயிரை விடப்போவதாகவும் ட்விட்டரில் எழுதியிருந்தார். படித்தவர்களில் பலர் அக்கவுன்ட் ஹேக் ஆகிவிட்டது என்றே நினைத்தார்கள். தற்கொலை என்று பின்னர் அதிகாரபூர்வமாகத் தீர்மானிக்கப்பட்டது. அவருக்கு ரெண்டு குழந்தைகள். இந்தப் பகுதியை எழுதாம விட்டுவிடலாமா என்று ரொம்ப யோசிச்சேன். ஹாஸ்டலில் யாராவது ஸ்டேட்டஸில் இப்படி எழுதினா, ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போடாம, போய் கதவைத் தட்டுங்க. அதுக்காகத்தான் எழுதினேன்.

2017 ஜூனில் வந்த டெபியன் 9, ஸ்ட்ரெச், அவர் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. நம்ம ஊருக்கும் அவர் வேலை ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியன் வழி வந்ததுதான். என் சித்தி பையனுக்கு ஸ்கூலில் கிடைச்ச அரசு லேப்டாப்பில் அது இருந்தது. அவன் ஒரு நாள்கூட அதில் பூட் பண்ணல, அது வேற கதை.

என் ரிவ்யூ என்னாச்சுன்னு கேட்டா, டெமோ ஓடிடுச்சு. கிராஃபில் ஆக்ஸிஸ் லேபிள் போடலைன்னு ரெண்டு மார்க் போச்சு, அதுக்கு டிபிகேஜி பொறுப்பில்ல. பென்டிரைவ் இன்னும் அண்ணாகிட்டதான் இருக்கு.