இயந்திரம் மாறினாலும் மாறாத நிரல்

புங்குடுதீவு மடத்துவெளியில் சி நிரல்மொழியைக் கற்கத் தொடங்கும் மாணவர், தாம் எழுதியது தமது கணினியில் இயங்கினால் போதும் என எண்ணக்கூடும். அது போதாது என்பதை, அம்மொழியை ஆக்கிய டெனிஸ் ரிச்சியின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

1941 செப்டெம்பர் 9இல் அமெரிக்காவில் பிறந்த ரிச்சி, ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகமும் பிரயோக கணிதமும் பயின்றார். 1967இல், தந்தையார் பணியாற்றிய பெல் ஆய்வுகூடத்திலேயே இணைந்தார். 1969இல் அங்கு கென் தொம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் இயங்குதளங்கள் பெரும்பாலும் அந்தந்த இயந்திரத்துக்கே உரிய மொழியில் எழுதப்பட்டன. இயந்திரம் கழிக்கப்பட்டால் உழைப்பும் அதனோடு வீணாகும்.

இந்நிலையை மாற்றியது ரிச்சி உருவாக்கிய சி மொழி. 1973இல் யூனிக்ஸின் கருப்பகுதி அம்மொழியில் மீள எழுதப்பட்டது. ஆயினும் உண்மையான சோதனை 1977இலேயே வந்தது. பீடிபி-11 கணினியில் வளர்ந்த யூனிக்ஸை, முற்றிலும் வேறான இன்டர்டேட்டா 8/32 கணினிக்குக் கொண்டுசெல்லும் பணியில் ரிச்சியும் ஸ்டீபன் ஜோன்சனும் இறங்கினர். முன்னதில் முழு எண்ணின் அளவு 16 பிட். பின்னதில் 32 பிட். முழு எண்ணையும் நினைவக முகவரியையும் ஒன்றாகக் கருதி எழுதிய வரிகள் பிழைகளாக வெளிப்பட்டன. அவர்கள் இயந்திரத்தைக் குறைகூறவில்லை. நிரல்களைத் திருத்தியதோடு மொழியின் விதிகளையும் இறுக்கினர்.

1978இல் பிரையன் கெர்னிகனுடன் இணைந்து எழுதிய நூல் சி மொழியை உலகெங்கும் பரப்பியது. 1983இல் தொம்சனுடன் டூரிங் விருதைப் பெற்றார். 1989இல் சி மொழிக்கு அமெரிக்கத் தரம் வகுக்கப்பட்டது. 2011 ஒக்டோபரில், தமது 70ஆவது வயதில் ரிச்சி காலமானார்.

இப்பாடம் நம்மவரை முழுமையாக எட்டவில்லை. தமிழ்நாட்டின் கல்லூரிகள் பலவற்றில் பழைய டர்போ சி மென்பொருளிலேயே நீண்டகாலம் கற்பிக்கப்பட்டது. திரையைத் துடைப்பதற்கு அங்கு பழகிய கட்டளை சி தரத்தில் இல்லாதது. அதில் சாதாரண முழு எண் 32,767ஐத் தாண்டாது. அந்த எல்லையை மொழியின் இயல்பென நம்பிய மாணவர், வேலைத்தலத்தில் வேறு கணினியைக் கண்டதும் தடுமாற நேரிடும்.

நம் பிள்ளைகள், தீவகத்தவராயினும் புத்தளத்தில் வளர்ந்தவராயினும், நாளை எங்கு பணிபுரிவர், எக்கணினியில் எழுதுவர் என்பதை எவரும் அறியார். ஆதலால் ஆசிரியர்கள் முதல் மாதத்திலேயே ஒரே நிரலை இரு வேறு தொகுப்பிகளில் இயக்கிக் காட்ட வேண்டும். எது மொழிக்குரியது, எது இயந்திரத்துக்குரியது எனப் பிரித்தறியும் மாணவருக்கே கற்ற கல்வி செல்லுமிடமெல்லாம் துணைநிற்கும்.