லோன் ஆப் காலத்தில் ஃபஸ்லுல் ஹக்கை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

கொல்கத்தாவில் ஒருவர் வட்டிக்குப் பணம் கொடுப்பதைத் தொழிலாகச் செய்ய வேண்டுமானால், இன்றைக்கும் அவர் பார்க்க வேண்டிய சட்டம் 1940-ல் வந்தது. வட்டிக்குக் கடன் கொடுப்போருக்கான வங்காளச் சட்டம் அது. லைசென்ஸ் எடுக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், வட்டிக்கு உச்சவரம்பு உண்டு.

அதைக் கொண்டுவந்த அரசின் தலைவர் ஏ.கே. ஃபஸ்லுல் ஹக். பள்ளிப் புத்தகத்தில் இவரை ஒரே வரியில் கடந்திருப்பீர்கள்: லாகூர் தீர்மானத்தை முன்மொழிந்தவர். அதே ஆண்டில் வந்த இந்தக் கடன் சட்டம் அந்த வரியில் இருக்காது. ஆனால் இஎம்ஐ கட்டுகிற யாருக்கும் இந்த இரண்டாவது விஷயம்தான் நெருக்கமானது.

கணிதம் படித்த வக்கீல்

ஹக் பிறந்தது 1873 அக்டோபர் 26, கிழக்கு வங்காளத்தின் பாக்கர்கஞ்ச் மாவட்டத்தில். படித்தது கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில். வேதியியல், இயற்பியல், கணிதம் என மூன்றிலும் ஆனர்ஸ். பிறகு கணிதத்தில் எம்.ஏ., அதன் மேல் சட்டம். உயர் நீதிமன்றத்தில் அசுதோஷ் முகர்ஜியிடம் ஜூனியராக இருந்தார்.

1906-ல் அரசு வேலைக்குப் போனார். 1908 முதல் 1912 வரை கூட்டுறவு சங்கங்களின் உதவிப் பதிவாளர். இந்த நான்கு ஆண்டுகளை வாழ்க்கை வரலாறுகள் சீக்கிரமாகத் தாண்டிவிடுகின்றன. அவர் வாழ்க்கையிலேயே முக்கியமான வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மகாஜன் எனப்படும் வட்டிக்காரரை விட்டால் விவசாயிக்கு வேறு எங்கே கடன் கிடைக்கும் என்று தேடுவதுதான் அந்த நாற்காலியின் வேலையே. மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வேலையை விட்டுவிட்டு மறுபடி கொல்கத்தாவில் வக்கீல் தொழிலுக்கு வந்தார். 1913-ல் வங்காள சட்ட மேலவைக்குத் தேர்வானார்.

1929-க்குப் பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்தபோது சணல் விலையும் விழுந்தது. விளைச்சல் அதேதான், வருமானம் மட்டும் சுருங்கியது. கடன் சுருங்கவில்லை. நகரத்திலும் இதே கதை. சம்பள நாளில் சணல் மில் வாசலில் தடியோடு காபூலிக்காரர் நிற்பார். ரூபாய்க்கு மாதம் ஒரு அணா என்பது அன்று சாதாரண வட்டி. 16 அணா ஒரு ரூபாய் என்றால், ஆண்டுக்கு 75%. வேலை செய்கிற இடத்தைச் சுற்றி நின்று கடன்காரரை மிரட்டுவதை வங்காளத்தில் 1934-ஆம் ஆண்டின் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியது. இன்று உங்கள் கான்டாக்ட் லிஸ்ட்டில் இருக்கிற மேனேஜருக்கு ரெக்கவரி ஏஜென்ட் ஃபோன் போடுகிறாரே, அதே டெக்னிக்தான். வாசல் மட்டும்தான் மாறியிருக்கிறது.

1935-ல் ஹக் கொல்கத்தா மேயரானார். அடுத்த ஆண்டு கிருஷக் பிரஜா கட்சி. 1937 தேர்தலில் அவருடைய வாக்குறுதி பருப்பும் சோறும், அவ்வளவுதான். பட்டுவாகாலியில் டாக்கா நவாப் குடும்பத்தைச் சேர்ந்த நஜிமுத்தீனைத் தோற்கடித்து, வங்காளத்தின் பிரதமரானார். மாகாண முதல்வரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்.

சட்டம் என்ன செய்தது?

முதலில் கையில் எடுத்தது கடன் தீர்வு வாரியங்களை. சட்டம் அவருக்கு முன்பே வந்திருந்தது. வாரியங்களை மாகாணம் முழுக்கப் பரப்பியது அவர் அரசு. கடனாளி அங்கே மனு போட்டால், உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பார்கள், தவணை போட்டுக் கொடுப்பார்கள். அதுவரை அந்தக் கடனுக்காக சிவில் கோர்ட்டில் வழக்கு நகராது.

அடுத்தது 1940 சட்டம். அடமானம் உள்ள கடனுக்கு 8%, இல்லாத கடனுக்கு 10%, அதுவும் தனி வட்டி. மொத்தமாகக் கட்ட வேண்டிய தொகை அசலைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. 100 ரூபாய் கடன் 75% கூட்டு வட்டியில் 5 ஆண்டில் சுமார் 1,641 ரூபாயாகும். புதுக் கணக்கில் 150. எத்தனை ஆண்டு இழுத்தாலும் 200-க்கு மேல் போகாது. கணித எம்.ஏ. வீண்போகவில்லை.

வட்டித் தொழிலில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? குல்னா பாங்க் ஆஃப் காமர்ஸ் வழக்கில் வைக்கப்பட்ட வாதம் புத்திசாலித்தனமானது. கடன் கொடுத்தது புரோநோட்டின் மேல். புரோநோட்டு மத்திய அதிகாரப் பட்டியலில் இருக்கிறது, மாகாணம் தொட முடியாது. ஃபெடரல் கோர்ட் வங்கி பக்கம் நின்றது. 1947-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது: சட்டத்தின் சாரம் வட்டித் தொழில், புரோநோட்டு வழியில் வந்துபோகிற விஷயம்தான். நம்ம சென்னையில் ராஜாஜி 1938-ல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும் இதே புரோநோட்டு வாதத்தைச் சந்தித்தது.

அடுத்த விதைப்புக்குப் பணம்?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. பழைய கடனைக் குறைத்தாகிவிட்டது. அடுத்த விதைப்புக்குக் கடன் தர யாரும் இல்லை. சரிவில் ஏற்கெனவே கையைச் சுருக்கியிருந்த மகாஜன், வாரியத்தைக் காட்டி முழுக்க மூடிக்கொண்டார். அந்த இடத்தை நிரப்பும் அளவுக்குக் கூட்டுறவு சங்கங்கள் வளரவில்லை. ஹக் உதவிப் பதிவாளராக இருந்த காலத்தில் எழுந்த கேள்வி, 30 ஆண்டு கழித்து அவர் பிரதமராக இருந்தபோதும் அப்படியே நின்றது.

நல்ல கடன்காரரும் தப்பவில்லை. தாகூர் தன் ஜமீனிலிருந்த பதிசரில் 1905-ல் விவசாயிகளுக்காக ஒரு வங்கி தொடங்கி, நோபல் பரிசுப் பணத்தையும் அதில் போட்டிருந்தார். கடன் நிவாரணச் சட்டம் வந்த பிறகு வசூல் நின்றுபோனது, பணம் திரும்பவில்லை.

கடன் கிடைக்காத விவசாயி நிலத்தை விற்றார். 1943 பஞ்சத்தில் அந்த விற்பனை வெள்ளமானது. சாவு எண்ணிக்கை 20 லட்சத்திலிருந்து 30 லட்சத்துக்கும் மேல் வரை மதிப்பிடப்படுகிறது. பஞ்சத்துக்குக் காரணம் இந்தச் சட்டங்கள் என்று சொல்ல மாட்டேன். போர், அரிசி விலை, அரசின் செயலின்மை எல்லாம் அதைவிடப் பெரியவை. ஆனால் பஞ்சம் வந்தபோது கிராமத்தில் கைமாற்றுக்கு வழியில்லை என்பதும் உண்மை. ஹக் அப்போது பதவியில் இல்லை. அந்த ஆண்டு மார்ச்சிலேயே ஆளுநர் ஹெர்பர்ட் அவரை ராஜினாமா செய்ய வைத்திருந்தார்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். பிரிவினைக்குப் பின் டாக்கா. 1954-ல் கிழக்கு வங்காள முதல்வர், 1956 முதல் 1958 வரை ஆளுநர். 1962 ஏப்ரல் 27-ல் மறைந்தார். அவரை வங்கப் புலி என்றுதான் அங்கே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கடனுக்கு இது பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. 2022 மே மாதம் நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களை மாநில வட்டித்தொழில் சட்டங்கள் கட்டுப்படுத்தாது. கேரளா, குஜராத் சட்டங்கள் பற்றிய வழக்கு என்றாலும் விளைவு எல்லோருக்கும்தான். ஹக் ஜெயித்த அதிகார வரம்புச் சண்டை, இந்த முறை மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. அதாவது உங்கள் ஆப்புக்குப் பின்னால் பதிவான நிறுவனம் இருந்தால், 10% வரம்பும் இரட்டிப்பு வரம்பும் கிடையாது. மொத்தச் செலவை ஆண்டு விகிதமாக முன்கூட்டியே காட்ட வேண்டும், ரெக்கவரி ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது போன்ற ரிசர்வ் வங்கி விதிகள்தான் உங்களுக்கு. பதிவே இல்லாத ஆள் கொல்கத்தாவில் வட்டிக்கு விட்டால்தான் 1940 சட்டம் எழுந்து வரும். லைசென்ஸ் இல்லாதவர் அபராதம் கட்டாமல் அங்கே கோர்ட்டில் பணத்தை வசூலிக்க முடியாது.

எனவே கடன் எடுக்கும் முன் நிறுவனத்தின் பெயரை ரிசர்வ் வங்கி இணையதளத்தில் தேடிப் பாருங்கள். ஆப்பின் பெயர் வேறு, கடன் கொடுக்கிற நிறுவனத்தின் பெயர் வேறு. தேட வேண்டியது இரண்டாவதை.