எல்லாருக்கும் திறந்த திடல்: ஆயர் பேர்னாட் ஷீல்

தன் அயலான் யார் என்று திருச்சட்ட அறிஞர் ஒருவர் இயேசுவிடம் வினவினார். ஆண்டவர் அதற்கு இலக்கணம் எதுவும் வகுக்கவில்லை. எரிகோவுக்குச் செல்லும் பாதையில் அடிபட்டுக் கிடந்த ஒருவனையும், அவனருகே குனிந்த வேற்றினத்தான் ஒருவனையும் காட்டினார். கடந்த நூற்றாண்டில் அமெரிக்காவின் சிக்காகோ மாநகரில் இதே வினா எழுந்தபோது, விளையாட்டுத் திடலில் அதற்கு விடை தேடினார் ஓர் ஆயர். கத்தோலிக்க இளைஞர் அமைப்பின் தாபகரான பேர்னாட் ஷீல் ஆண்டகையே அவர்.

1880களில் சிக்காகோவில் ஐரிஷ் வம்சாவளிக் குடும்பமொன்றில் பிறந்த ஷீல், இலினோய் மாநிலத்தின் புனித வியாத்தோர் கல்லூரியில் கல்வி கற்றார். அங்கே பேஸ்போல் விளையாட்டில் சிறந்த பந்தெறிவாளராகத் திகழ்ந்தார். இலினோய் பல்கலைக்கழக அணியுடனான ஓர் ஆட்டத்தில், எதிரணியினர் எவரும் தம் பந்தை அடித்துத் தளத்தை எட்டாதபடி தடுத்தார். தொழில்முறை அணிகள் அவரை அழைத்தன. பணமும் புகழும் காத்திருந்த அந்தப் பாதையை விடுத்து, 1910ஆம் ஆண்டில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

அந்நாளைய சிக்காகோவில் ஐரிஷ், போலந்து, இத்தாலி, ஜேர்மன், லித்துவேனிய மக்கள் தத்தமக்கெனப் பங்குகளையும் பாடசாலைகளையும் அமைத்து வாழ்ந்தனர். பங்கின் எல்லையே பலருக்கு உலகின் எல்லையாயிருந்தது. தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் நகரின் ஒரு பகுதிக்குள்ளேயே ஒதுக்கப்பட்டிருந்தனர். 1919ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மிச்சிகன் ஏரியில் மிதந்துகொண்டிருந்த கறுப்பினச் சிறுவன் ஒருவன், கண்ணுக்குப் புலப்படாத எல்லையொன்றைக் கடந்துவிட்டான் என்பதற்காகக் கல்லெறியப்பட்டு மூழ்கி மாண்டான். தொடர்ந்து மூண்ட கலவரத்தில் 23 கறுப்பினத்தவரும் 15 வெள்ளையரும் உயிரிழந்தனர்.

அக்கலவரத்தில் வன்செயல்களுக்கு முன்னின்றோருள், விளையாட்டுக் கழகங்கள் எனப் பெயர் சூடியிருந்த வெள்ளை இளைஞர் குழுக்களும் இருந்தன. அவற்றுள் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளும் இருந்தனர் என்பது கசப்பான உண்மை. உடலுரமும் அணி ஒற்றுமையும் தம்மளவில் ஒருவனை நல்லவனாக்கிவிடா. தன் அணியை நேசிக்கக் கற்ற இளைஞன், அயலவனைப் பகைக்கவும் அதே அணியிலேயே கற்றுக்கொள்ளக்கூடும்.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படைப் பயிற்சி நிலையமொன்றில் ஆன்ம குருவாகப் பணியாற்றிய அருட்தந்தை ஷீல், பின்னர் மாவட்டச் சிறைச்சாலையின் ஆன்ம குருவானார். மரண தண்டனை பெற்றோரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார்; இறுதி வேளையில் அவர்களோடு உடன் நடந்தார். அவர்களுட் பலர் இளைஞர். சிறைக்கூடத்தில் அவர்களைச் சந்தித்த திருச்சபை, தெருவோரத்தில் அவர்களை ஏன் சந்திக்கவில்லை என்ற வினா அவரை விட்டகலவில்லை.

1928ஆம் ஆண்டில், கர்தினால் மண்டலைன் ஆண்டகையின் துணை ஆயராக அவர் அருட்பொழிவு பெற்றார். ஈராண்டுகளின் பின்னர், 1930ஆம் ஆண்டில், கத்தோலிக்க இளைஞர் அமைப்பைத் தொடங்கினார். பெரும் பொருளாதார வீழ்ச்சியால் வேலையற்ற இளைஞர் வீதிகளில் அலைந்த காலம் அது.

சிக்காகோவின் கத்தோலிக்க உயர்பாடசாலைகளுக்கென ஒரு விளையாட்டுச் சங்கம் 1912ஆம் ஆண்டிலேயே உருவாகியிருந்தது. 1927 முதல், அதன் அமெரிக்கக் காற்பந்துச் சம்பியன் அணி அரச பாடசாலைகளின் சம்பியன் அணியை ஆண்டுதோறும் எதிர்த்தாடி வந்தது. 1937ஆம் ஆண்டில் லியோ கத்தோலிக்கப் பாடசாலையும் ஒஸ்ரின் பாடசாலையும் மோதிய ஆட்டத்தைக் காண 1 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். ஆனால் பாடசாலை அணியில் இடம்பெறுவோர் சிலரே. கல்வியை இடைநிறுத்தியவனுக்கும் கட்டணம் செலுத்த வழியற்றவனுக்கும் அங்கே இடமில்லை. கத்தோலிக்கப் பாடசாலைகள் பல, கறுப்பின மாணவரைச் சேர்க்கத் தயங்கின. வெளியே நின்ற இந்தப் பிள்ளைகளுக்காகவே ஆயர் ஷீல் தம் அமைப்பை உருவாக்கினார்.

அமைப்பின் அடித்தளம் பங்கு ஆகும். ஒவ்வொரு பங்கும் தன் குருவின் பொறுப்பில் கூடைப்பந்தாட்ட அணியொன்றை அமைத்தது. அணிகள் நகரின் பகுதிவாரியாக மோதின. பகுதிகளில் வென்றோர் இறுதிச் சுற்றில் சந்தித்தனர். சிறிய உடலமைப்புடைய சிறுவர் புறந்தள்ளப்படாதிருக்க அவர்களுக்கெனத் தனிப் பிரிவும் இருந்தது. குத்துச்சண்டைப் போட்டிகளில் பங்குபற்ற மருத்துவப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. கத்தோலிக்கர் அல்லாதோரும் அதில் வரவேற்கப்பட்டனர். 1936 பேர்லின் ஒலிம்பிக் விழாவுக்குச் சென்ற அமெரிக்கக் குத்துச்சண்டை அணியிலும் இவ்வமைப்பில் பயின்றோர் இடம்பெற்றனர்.

ஆயர் ஒருவர் குத்துச்சண்டையை ஊக்குவிக்கலாமா என்று முகஞ்சுளித்தோர் உண்டு. மதுச்சாலையிலிருந்து இளைஞரைப் பலகை விளையாட்டொன்றால் மீட்க இயலுமாயின் அதையே பெரிய அளவில் நடத்தத் தாம் ஆயத்தம் என்பதே அவரது நிலைப்பாடாயிருந்தது. ஆன்மாவை மீட்க விழைபவர், அந்த ஆன்மா எதை விரும்புகிறது என்பதை முதலில் அறிய வேண்டும் என அவர் நம்பினார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அத்திடலின் வாயில் நிறம் பார்த்து மூடப்படவில்லை. புனித எலிசபெத்து பங்கு போன்ற கறுப்பினப் பங்குகளின் அணிகள் வெள்ளையர் பங்குகளின் அணிகளோடு சமமாக நின்று ஆடின. 1919இல் ஒருவரது வீதிக்குள் மற்றவர் நுழைய அஞ்சிய நகரில், ஒரே கூரையின் கீழ் இரு தரப்புப் பிள்ளைகளும் கைகுலுக்கினர். யூதச் சிறுவர்களும் கோடைகாலப் பாடசாலைகளில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். விமானத் தொழிற்கல்விக்கென 1932இல் ஆயர் நிறுவிய பாடசாலை, பின்னாளில் டி லா சால் சகோதரர்களின் பொறுப்பில் லூயிஸ் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

திடலில் கடைப்பிடித்த விதியையே அவர் வெளியிலும் கடைப்பிடித்தார். வானொலி வழியாக யூத வெறுப்பைப் பரப்பிய அருட்தந்தை கொக்லின் திருச்சபையின் குரலாகப் பேசவில்லை என்ற கர்தினாலின் அறிவிப்பை, 1938ஆம் ஆண்டில் அவரே வாசித்தார். 1939ஆம் ஆண்டில் இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளரின் கூட்ட மேடையில் அவர்கள் தலைவரோடு அமர்ந்தார். செல்வந்தர் பலரின் மனக்கசப்பை அது ஈட்டித் தந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கர்தினால் மண்டலைன் இறைபதம் எய்தினார். பேராயர் பதவி ஷீலுக்குக் கிட்டவில்லை. துணை ஆயராகவே பணியைத் தொடர்ந்தார்.

1954 ஏப்ரல் மாதத்தில், செனட்டர் மெக்கார்த்தி நடத்திவந்த அச்சமூட்டும் விசாரணைகளை ஆயர் ஷீல் வெளிப்படையாகக் கண்டித்தார். மெக்கார்த்தி கத்தோலிக்கர், கத்தோலிக்கர் பலரின் அபிமானத்துக்கும் உரியவர். சொந்த மக்களே ஆயரைத் தூற்றினர். அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் இளைஞர் அமைப்பின் தலைமையைத் துறந்தார்.

அவரைக் குறையற்றவராகக் காட்டுதல் உண்மைக்கு அழகன்று. அவர் வரவறிந்து செலவு செய்பவரல்லர். பாடசாலைகள், வானொலி நிலையம், சமூகக் கல்வி நிலையம் எனப் பணிகள் பெருகப் பெருகக் கடனும் பெருகியது. பொறுப்புகளைப் பிறரோடு பகிர்ந்து அடுத்த தலைமையை வளர்க்கவும் அவர் தவறினார். எனவே அவர் விலகியதும் அவர் கட்டியெழுப்பியவற்றுட் பல கலைந்தன, அல்லது பிறர் கைக்கு மாறின. ஆயினும் பங்குகளுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிகள் நிலைத்தன. அமெரிக்காவின் வேறு பல மறைமாவட்டங்களிலும் அவை வேரூன்றின.

1935 முதல் சிக்காகோவின் புனித அந்திரேயா பங்கின் பங்குத்தந்தையாகவும் பணியாற்றிய அவருக்கு, 1959ஆம் ஆண்டில் பேராயர் என்னும் மதிப்புநிலை வழங்கப்பட்டது. ஓய்வுபெற்ற பின் அரிசோனா மாநிலத்துக்குச் சென்று வாழ்ந்த அவர், 1969 செப்டெம்பர் 13ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அன்பு வாசகர்களே, நம் பிள்ளைகள் விளையாடச் செல்கையில் வெற்றியோடு திரும்ப வேண்டுமென விரும்புகிறோம். அது தவறன்று. ஆயினும் அவர்கள் இன்று யாரோடு விளையாடினார்கள் என்பதையும் கேட்போமாக. வேற்றின, வேற்றுமத, வறிய பிள்ளையொருவன் அத்திடலின் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தானா? அவனை உள்ளே அழைக்க எவரேனும் சென்றனரா? சிறை வாயிலில் ஆயர் ஷீல் காலந்தாழ்த்திச் சந்தித்த இளைஞரை, நாம் வேலியருகிலேயே சந்திக்கும் அருளை ஆண்டவர் நமக்குத் தருவாராக.